கையால் ஓட்டினால் ஓடுகிறது, ராத்திரியில் மட்டும் படுத்துக்கொள்கிறது!
லினக்ஸ் கேள்வி–பதில்

சர்வரின் லாக்குகளை (நிரல்கள் எழுதிவைக்கும் பதிவு ஃபைல்களை) அவ்வப்போது பெயர் மாற்றிச் சுழற்றி, சுருக்கி, பழையதை அழிக்கும் கருவி லாக்ரோட்டேட். அதற்குள் நாமே எழுதிச் செருகும் ஸ்கிரிப்ட்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். சிக்னல் பெயர்களும் சூழல் மாறிகளும் பெரிய எழுத்து. மற்றபடி பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: உபுண்டு சர்வரில், லாக் சுழன்றபின் ஓடும் போஸ்ட்ரோட்டேட் பகுதிக்குள் பத்து வரி பாஷ் ஸ்கிரிப்ட் எழுதினேன். அதையே தனி ஃபைலாக வைத்து ஓட்டினால் சரியாக ஓடுகிறது. லாக்ரோட்டேட் ஓட்டும்போது மட்டும் எப்போதும் ‘எல்ஸ்’ பக்கமே போகிறது. பிழை என்றும் சொல்வதில்லை. முதல் வரியில், எந்த ஷெல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் #! வரியாக (ஷிபாங்) பாஷ் என்றுகூடப் போட்டிருக்கிறேன்.
— சேலம் வாசகர்

பதில்: அந்த ஷிபாங் வரியை யாரும் படிப்பதில்லை. போஸ்ட்ரோட்டேட்டுக்கும் எண்ட்ஸ்கிரிப்ட்டுக்கும் நடுவில் இருப்பதை லாக்ரோட்டேட் மொத்தமாக அள்ளி /பின்/எஸ்ஹெச் கையில் கொடுத்துவிடுகிறது. அங்கே # என்று தொடங்கும் வரி வெறும் குறிப்பு. உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து /பின்/எஸ்ஹெச் என்றால் டாஷ் என்ற சிறிய ஷெல், பாஷ் அல்ல. டெபியனிலும் இப்போது அப்படித்தான். ரெட் ஹேட் வகையறாவில் எஸ்ஹெச் என்பதே பாஷ்தான். அதனால் அங்கே வருஷக்கணக்கில் ஓடிய ஸ்கிரிப்ட் உபுண்டுவுக்கு வந்ததும் சண்டித்தனம் செய்யும்.

இரட்டைச் சதுர அடைப்பை டாஷ் அறியாது. ‘[[’ என்ற பெயரில் ஒரு கட்டளை இருக்கிறதா என்று தேடும், கிடைக்காமல் 127 என்ற எண்ணோடு திரும்பும். ‘இஃப்’ நிபந்தனைக்குள் நடப்பதால் அது பிழைக் கணக்கில் சேராது. நிபந்தனை பொய் என்று எடுத்துக்கொண்டு எல்ஸ் பக்கம் நடையைக் கட்டிவிடும். உங்கள் ஜர்னலில் (சிஸ்டம் பதிவேட்டில்) ‘[[: நாட் ஃபவுண்ட்’ என்று ஒரு வரி ஒவ்வொரு நாளும் விழுந்திருக்கும். ‘ஜர்னல்சிடிஎல் -யு லாக்ரோட்டேட்.சர்வீஸ்’ அடித்துப் பாருங்கள்.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு: வெளியீட்டையும் பிழையையும் ஒரே ஃபைலுக்குத் திருப்ப பாஷில் எழுதும் ‘&>’. டாஷ் இதை இரண்டாகப் பிரித்துப் படிக்கிறது. ‘&’ வரை ஒன்று, அதாவது கட்டளையைப் பின்னணியில் தள்ளிவிடு. மீதி ‘> ஃபைல்’, அதாவது அந்த ஃபைலைக் காலி செய். கட்டளை தோற்றாலும் கடைசியில் வெற்றி எண் 0 தான் வரும். இதற்குப் பதிலாக ‘>ஃபைல் 2>&1’ என்று எழுதினால் எந்த ஷெல்லிலும் பிழைக்கும்.

வழி எளிது. பாஷ் வேண்டுமென்றால் ஸ்கிரிப்டை /யுஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின் அடைவில் தனி ஃபைலாக வையுங்கள். உரிமையாளர் ரூட், அனுமதி 755, முதல் வரியில் ஷிபாங். போஸ்ட்ரோட்டேட்டுக்குள் அந்த ஃபைலின் முழுப் பாதையும் "$1"-உம் (லாக்கின் பெயர் இதில் வரும்) கொண்ட ஒரே வரி போதும். அந்த ஃபைலில் இரண்டாவது வரியாக ‘செட் -ஈ’ சேருங்கள். அது இல்லாவிட்டால் நடுவில் எத்தனை வரி தோற்றாலும் கடைசி வரி வென்றால் ஸ்கிரிப்ட் வென்றதாகத்தான் லாக்ரோட்டேட் நினைக்கும்.

கேள்வி: ‘லாக்ரோட்டேட் -டி’ கொடுத்தால் ‘ரன்னிங் போஸ்ட்ரோட்டேட் ஸ்கிரிப்ட்’ என்று காட்டுகிறது. ஆனால் ஸ்கிரிப்ட் செய்ய வேண்டிய வேலை எதுவும் நடக்கவில்லை. ஏன்?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: -டி என்பது டிபக். ‘இப்படிச் செய்வேன்’ என்று வாயால் சொல்வதோடு சரி. லாக்கைத் தொடாது, நிலைக் கோப்பை (எந்த லாக் கடைசியாக எப்போது சுழன்றது என்ற குறிப்பு) தொடாது, ஸ்கிரிப்டை ஓட்டாது. அடைப்புக்குறி, எண்ட்ஸ்கிரிப்ட் விடுபட்டது போன்ற எழுத்துப் பிழைகளைப் பிடிக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையாக ஓட்டிப் பார்க்க ஒரு தனி அடைவு உருவாக்கி, அதில் பொய் லாக் ஒன்று, உங்கள் பகுதி மட்டும் கொண்ட கான்ஃபிக் நகல் ஒன்று வையுங்கள். பிறகு ‘லாக்ரோட்டேட் -வி -எஃப் -எஸ் /ரூட்/சோதனை.ஸ்டேட் /ரூட்/சோதனை.கான்ஃப்’. -வி விவரம் சொல்லும், -எஃப் நேரம் வராவிட்டாலும் சுழற்றும், -எஸ் தனி நிலைக் கோப்பு தரும்.

-எஃப் கொடுக்கும்போது கை நடுங்க வேண்டும். முதன்மைக் கான்ஃபிக் மேல் அதைப் போட்டால் சர்வரில் உள்ள எல்லா லாக்கும் சுழலும். ‘ரோட்டேட் 7’ என்று இருக்கும் லாக்கைச் சோதனைக்காக ஏழெட்டு முறை -எஃப் போட்டால் பழைய ஒரு வார லாக் முழுக்கப் பறிபோய், அந்த இடத்தில் ஏழு வெற்று ஃபைல் நிற்கும்.

ராத்திரியில் ஓடும் அதே சூழலில் சோதிக்க வேண்டுமா? நிலைக் கோப்பைத் திறந்து (உபுண்டு, டெபியனில் /வார்/லிப்/லாக்ரோட்டேட்/ஸ்டேட்டஸ், ரெட் ஹேட் வகையில் அதே அடைவில் லாக்ரோட்டேட்.ஸ்டேட்டஸ்) உங்கள் லாக்குக்கான வரியில் தேதியை இரண்டு நாள் பின்னுக்குத் தள்ளுங்கள். பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் லாக்ரோட்டேட்.சர்வீஸ்’. அந்த ஒரு லாக் மட்டும் கெடு தாண்டியதாக எண்ணப்பட்டுச் சுழலும், ஸ்கிரிப்டும், சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டியின் சூழலிலேயே ஓடும். புதிதாகச் சேர்த்த லாக் முதல் நாள் சுழலாததற்கும் இந்த நிலைக் கோப்புதான் காரணம். முதல் முறை பார்க்கும்போது இன்றைய தேதியைக் குறித்துக்கொண்டு போய்விடும். கணக்கு அடுத்த நாளிலிருந்துதான் தொடங்கும்.

கேள்வி: லாக் தினமும் சுழல்கிறது, பழையது அழிகிறது. ஆனாலும் டிஸ்க் நிரம்பிக்கொண்டே போகிறது. ‘டிஎஃப்’ 96 சதவீதம் என்கிறது. ‘டியூ’ போட்டுக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. சர்வரை ரீபூட் செய்தால் சரியாகிவிடுகிறது.
— கோவை வாசகர்

பதில்: இதைத்தான் அதிகம் பேர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள், எனவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஒரு நிரல் லாக்கைத் திறந்துவிட்டால் அதன்பின் பெயரைப் பார்ப்பதில்லை, ஐநோடை (டிஸ்கில் ஃபைலின் உண்மையான அடையாளம்) பிடித்துக்கொள்கிறது. ஆப்.லாக் என்பதை ஆப்.லாக்.1 என்று பெயர் மாற்றினாலும் நிரல் அதிலேயே எழுதிக்கொண்டிருக்கும். புதிதாகப் பிறந்த ஆப்.லாக் பூஜ்ய பைட்டோடு கிடக்கும். பழையதைச் சுருக்கிவிட்டு அழித்தாலும் நிரல் கையை எடுக்கும்வரை இடம் திரும்பாது. பெயர் இல்லாததால் டியூ கண்ணுக்குத் தெரியாது. டிஎஃப் மட்டும் கணக்கு வைத்திருக்கும்.

‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ (இந்த எல் பெரிய எழுத்து) கொடுங்கள். அழிக்கப்பட்டும் இன்னும் பிடிபட்டிருக்கும் ஃபைல்களும் அவற்றைப் பிடித்திருக்கும் பிராசஸ் எண்களும் வரும். அவசரத்துக்கு இடம் மீட்க ரீபூட் தேவையில்லை: ‘: > /ப்ராக்/பிராசஸ்-எண்/எஃப்டி/கைப்பிடி-எண்’ என்று அந்த ஃபைலைக் காலி செய்யலாம். கைப்பிடி எண் அதே பட்டியலில் எஃப்டி பத்தியில் இருக்கும்.

நோய் எங்கே என்றால், ‘லாக்கை மூடித் திற’ என்று நிரலுக்குச் சொல்ல வேண்டிய போஸ்ட்ரோட்டேட் தோற்றிருக்கிறது. எஞ்சின்எக்ஸ் வெப் சர்வருக்கு யுஎஸ்ஆர்1 சிக்னல், லாக் சேகரிக்கும் ஆர்சிஸ்லாகுக்கு ஹெச்யுபி. நீங்கள் அனுப்பியிருக்கும் கான்ஃபிக்கில் உள்ள வரி இது:

[ -எஃப் /ரன்/ஆப்.பிட் ] && கில் -யுஎஸ்ஆர்1 $(கேட் /ரன்/ஆப்.பிட்)

இதில் இரண்டு ஓட்டை. நிரலின் பிராசஸ் எண்ணை வைத்திருக்கும் பிட் ஃபைல் அந்த இடத்தில் இல்லாவிட்டால் (பல நிரல்கள் சிஸ்டம்டிக்கு மாறியபின் அதை எழுதுவதையே விட்டுவிட்டன) ‘&&’-க்கு இடப்பக்கம் தோற்கும், முழு வரியும் 1 என்று திரும்பும், ‘எர்ரர் ரன்னிங் நான்-ஷேர்டு போஸ்ட்ரோட்டேட் ஸ்கிரிப்ட்’ என்று விழும். அந்த லாக்குக்கு மிச்சமுள்ள வேலைகளும், சுருக்குவது உட்பட, அன்றைக்கு நடக்காது. சுருக்கப்படாத பழைய லாக் சும்மா கிடந்தால் முதலில் போஸ்ட்ரோட்டேட் மேல் சந்தேகப்படுங்கள். அதே வரியை ‘[ ! -எஃப் பிட் ] || கில் …’ என்று திருப்பிப் போட்டால், அல்லது இஃப்–ஃபை என்று எழுதினால், பிட் இல்லாதபோது 0 திரும்பும்.

ஆனால் பிழை மறைவது வேறு, நோய் தீர்வது வேறு. பிட் ஃபைல் இல்லை என்றால் சிக்னலும் போகவில்லை, நிரல் பழைய ஐநோடில்தான் எழுதுகிறது. இன்னொரு ஆபத்து, பழைய பிட் ஃபைல் ஒட்டிக்கொண்டு இருப்பது. அந்த எண் இப்போது வேறு பிராசஸுக்குப் போயிருந்தால் யுஎஸ்ஆர்1 அங்கே போய் இறங்கும். அந்தச் சிக்னலைக் கையாளத் தெரியாத பிராசஸ் செத்துப்போகும். அதனால் சிஸ்டம்டியின் கீழ் ஓடும் எதற்கும் பிட் ஃபைலை நம்பாமல் ‘சிஸ்டம்சிடிஎல் கில் -எஸ் யுஎஸ்ஆர்1 --கில்-ஹூ=மெயின் ஆப்.சர்வீஸ்’ என்று எழுதுவதே எங்கள் பரிந்துரை. ‘மெயின்’ முக்கியம். விட்டுவிட்டால் குழுவில் உள்ள எல்லாப் பிராசஸுக்கும் சிக்னல் பறக்கும்.

சிக்னல் போய்ச் சேர்ந்தும் புதிய லாக் காலியாகவே இருந்தால் ‘கிரியேட்’ வரியைப் பாருங்கள். நிரல் சாதாரணப் பயனராக ஓட, புதிய ஃபைல் ரூட் பெயரில் 0640 என்று பிறந்தால் நிரலால் அதைத் திறக்க முடியாது. ‘கிரியேட் 0640’ என்பதோடு அந்தப் பயனர், குழு பெயர்களையும் எழுதுங்கள்.

இன்னொரு சிறு விஷயம்: கில் கட்டளை சிக்னலைப் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும், நிரல் லாக்கை மாற்றி முடிக்கும்வரை காத்திருக்காது. அந்த இடைவெளியில் சுருக்கும் கட்டளையான ஜிஸிப் வேலையைத் தொடங்கினால் சில வரிகள் காணாமல் போகும். டிலேகம்ப்ரெஸ் சேர்த்தால் ஒரு சுற்று தள்ளிச் சுருக்கும். அதற்கு வழியில்லாத இடத்தில் கில்லுக்குப் பின் ‘ஸ்லீப் 1’.

கேள்வி: எங்கள் நிரலுக்குச் சிக்னல் எதுவும் புரியாது. அதனால், நகலெடுத்துவிட்டு மூல ஃபைலையே வெட்டும் காப்பிட்ரங்கேட் போட்டோம். சுழன்றபின் லாக் ஒரு நொடி பூஜ்யமாகிறது, உடனே பழையபடி 12 ஜிபி என்று காட்டுகிறது. கிரெப் போட்டால் ‘பைனரி ஃபைல்’ என்கிறது.
— சென்னை வாசகர்

பதில்: நிரலை ‘நோஹப் நிரல் > ஆப்.லாக்’ என்று ஒற்றை அம்புக்குறியோடு தொடங்கியிருக்கிறீர்கள், சரிதானே? அப்படித் திறந்தால் ‘அடுத்து எழுத வேண்டிய இடம்’ என்ற எண்ணைப் பிராசஸ் தன்னிடமே வைத்திருக்கும். லாக்ரோட்டேட் ஃபைலை வெட்டிப் பூஜ்யமாக்கியது அதற்குத் தெரியாது. 12 ஜிபி தாண்டிய இடத்திலேயே அடுத்த வரியை எழுதும். முன்னால் இருக்கும் வெற்றிடம் நல் பைட்டுகளாகத் தெரியும், அதனால்தான் கிரெப் பைனரி என்கிறது. டிஸ்கில் நிஜமாக அவ்வளவு இடம் போகவில்லை. ‘எல்எஸ் -எல்எஸ்’ கொடுத்து முதல் பத்தியைப் பாருங்கள், சில எம்பிதான் இருக்கும்.

இரட்டை அம்புக்குறியாக, ‘>>’ என்று மாற்றி நிரலை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். அப்போது ஒவ்வொரு முறையும் ஃபைலின் கடைசியில்தான் எழுதும். சிஸ்டம்டி யூனிட்டில் வெளியீட்டை ‘ஃபைல்:’ என்று திருப்பியிருந்தாலும் இதே கதை. 240-ஆம் பதிப்பிலிருந்து ‘அப்பெண்ட்:’ உண்டு, அதற்கு மாறுங்கள்.

காப்பிட்ரங்கேட் எங்களுக்குப் பிடித்த வழி இல்லை. நகல் எடுத்து முடிப்பதற்கும் வெட்டுவதற்கும் நடுவில் விழும் வரிகள் போய்விடும். 12 ஜிபி லாக்கை நகலெடுக்க இன்னொரு 12 ஜிபி காலி இடமும் வேண்டும். டிஸ்க் நிரம்பியபின் அது கைகொடுக்காது. கிரியேட் வரிக்கும் அங்கே வேலையில்லை, பழைய ஃபைலே இருப்பதால்.

கேள்வி: சுழன்று சுருக்கிய .ஜிஸெட் ஃபைலை அமேசானின் சேமிப்பகமான எஸ்3-க்கு ஏற்ற போஸ்ட்ரோட்டேட்டில் எழுதினேன். ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்கிறது. பிறகு பார்த்தால் ஃபைல் இருக்கிறது! வேறு வழியில்லாமல் ‘ஸ்லீப் 600’ போட்டு, முடிவில் & சேர்த்துப் பின்னணிக்கு அனுப்பினேன். பழைய சர்வரில் ஓடுகிறது, புதியதில் ஓடவில்லை.
— பெங்களூரு வாசகர்

பதில்: வரிசை இதுதான்: ப்ரீரோட்டேட், பெயர் மாற்றம், புதிய ஃபைல், போஸ்ட்ரோட்டேட், அதற்குப் பிறகுதான் சுருக்குதல், எல்லா லாக்கும் முடிந்தபின் லாஸ்ட்ஆக்‌ஷன். போஸ்ட்ரோட்டேட் ஓடும்போது .ஜிஸெட் இன்னும் பிறக்கவே இல்லை. ஏற்றும் வேலைக்கு உரிய இடம் லாஸ்ட்ஆக்‌ஷன்.

& வித்தை புதிய சர்வரில் ஏன் செத்தது என்றால், அங்கே, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் பழைய கிரானுக்குப் பதில் சிஸ்டம்டி டைமர் ஓட்டுகிறது. லாக்ரோட்டேட் வேலை முடிந்து வெளியேறியதும் அந்த சர்வீஸ் குழுவில் எஞ்சியிருக்கும் எல்லாப் பிராசஸையும் சிஸ்டம்டி துடைத்துவிடும். உங்கள் ஸ்லீப் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்திருக்கும்.

லாஸ்ட்ஆக்‌ஷனுக்கு மாறிய பிறகும் சில கற்கள் காலில் தட்டும். டைமர் வழி ஓடும் சர்வீஸில் பிரைவேட்டெம்ப் போட்டிருப்பதால் ஸ்கிரிப்ட் /டெம்ப் அடைவில் எழுதுவது உங்களுக்குத் தெரியாத தனி அடைவுக்குப் போய், முடிந்ததும் அழியும். டிபக் வரிகளை அங்கே எழுதிவிட்டுத் தேடாதீர்கள், /வார்/லாக் அடைவில் எழுதுங்கள். ப்ரொடெக்ட்சிஸ்டம்=ஃபுல் இருப்பதால் /ஈடிசி, /யுஎஸ்ஆர் இரண்டிலும் எழுத முடியாது. எழுதக்கூடிய நினைவகத்தை ஓட்டக்கூடியதாக மாற்றுவதையும் அந்த யூனிட் தடுக்கிறது. ஜாவாவோ நோட்ஜேஎஸ்ஸோ அழைக்கும் ஸ்கிரிப்ட் காரணம் புரியாமல் விழுவது பெரும்பாலும் இதனால்தான். ஹோம் மாறியும் அங்கே இருக்காது. $ஹோம்/பின் என்று எழுதியிருந்தால் அது வெறும் /பின் ஆகிவிடும். எஸ்3-க்கான சாவியை நீங்கள் பதிந்தது உங்கள் கணக்கில், ஓட்டுவதோ ரூட். எஸ்எஸ்ஹெச் சாவிக்கும் அதேதான். கிரான் வழி ஓடும் ரெட் ஹேட் வகைப் பழைய சர்வர்களில் பாத் மாறியில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் இருக்காது, அமேசானின் கட்டளைக் கருவி உட்காருவதோ அங்கேதான். முழுப் பாதை எழுதுங்கள்.

இவ்வளவோடு மல்லுக்கட்டுவதைவிட, ஏற்றும் வேலைக்கு ஒரு தனி சர்வீஸ் யூனிட் எழுதிக்கொண்டு, லாஸ்ட்ஆக்‌ஷனில் ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் --நோ-பிளாக் லாக்-ஏற்று.சர்வீஸ்’ என்று ஒரே வரி வையுங்கள். பயனர், சூழல், நேர வரம்பு எல்லாம் அந்த யூனிட்டில் உங்கள் இஷ்டம். ஏற்றுவது தொங்கினாலும் லாக்ரோட்டேட் தொங்காது. உள்ளேயே வைத்துத்தான் தீர வேண்டுமென்றால் முன்னால் ‘டைம்அவுட் 300’ சேருங்கள்; எஸ்எஸ்ஹெச் என்றால் கடவுச்சொல் கேட்டு நிற்காமலிருக்க பேட்ச்மோட்=யெஸ். ஒரு ஸ்கிரிப்ட் தொங்கினால் அதன்பின் வரிசையில் உள்ள எந்த லாக்கும் சுழலாது. நீங்கள் கையால் ஓட்டிப் பார்த்தாலும் ‘ஸ்டேட் ஃபைல் … ஆல்ரெடி லாக்டு’ என்று திருப்பி அனுப்பும்.

பெயரிடுவதையும் மாற்றுங்கள். ஆப்.லாக்.1.ஜிஸெட் தினமும் 2, 3 என்று நகர்வதால், அடைவை ஒத்திசைக்கும் கட்டளை தினமும் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றும். எண்ணுக்குப் பதில் தேதியைச் சேர்க்கும் டேட்எக்ஸ்ட் போட்டால் ஒரு ஃபைலுக்குக் கடைசிவரை ஒரே பெயர். புதியது மட்டும் போகும்.

கேள்வி: 14 தளங்களின் லாக் ஒரே நட்சத்திரக் குறி வரியில் இருக்கிறது. சுழலும்போது வெப் சர்வர் 14 முறை ரீலோட் ஆகிறது.
— மதுரை வாசகர்

பதில்: ஷேர்டுஸ்கிரிப்ட்ஸ் என்று ஒரு வரி சேருங்கள், ஒரு முறைதான் ஓடும், எந்த லாக்கும் சுழல வேண்டாத நாளில் ஓடவே ஓடாது. ஆனால் அதன்பின் $1-இல் ஃபைல் பெயர் வராது. நட்சத்திரத்தோடு முழு வடிவமும் சரமாக வரும். $1-ஐ நம்பி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால் அங்கே உடையும். ஸ்கிரிப்ட் தோற்றால் ஒரு லாக்கோடு போகாது, 14-க்கும் மிச்ச வேலை நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ‘சைஸ் 100எம்’ போட்டு, டைமரை மணிக்கொரு முறை என்று மாற்றினேன். நாளில் முதல் முறை சுழல்கிறது, பிறகு ‘டெஸ்டினேஷன் … ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ், ஸ்கிப்பிங் ரொட்டேஷன்’.
— கொழும்பு வாசகர்

பதில்: டேட்எக்ஸ்ட் இருக்கிறது, பெயரில் தேதி மட்டும்தான் இருக்கிறது; ஒரே நாளில் இரண்டாவது ஃபைலுக்கும் அதே பெயர். ‘டேட்ஃபார்மேட் -%ஒய்%எம்%டி-%ஹெச்’ என்று மணியையும் சேருங்கள் (ஒய், ஹெச் பெரிய எழுத்து, எம், டி சிறியது). மணிக்குள் இரண்டு முறை வாய்ப்பிருந்தால் %ஹெச்-க்குப் பதில் சின்ன எழுத்து %எஸ். ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள் என்ற வரிசையை மாற்றாதீர்கள். பழையது எது என்பதைப் பெயரை அகர வரிசைப்படுத்தித்தான் லாக்ரோட்டேட் கண்டுபிடிக்கிறது. வடிவத்தை மாற்றிய பிறகு, பழைய வடிவத்தில் உள்ள ஃபைல்களை அது தன் கணக்கில் சேர்க்காது. அவற்றை நீங்களே ஒருமுறை துடைத்துவிட வேண்டும்.

‘டெய்லி’யும் ‘சைஸ்’ஸும் சேர்த்துப் போட்டால் இரண்டும் வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். கடைசியாக எழுதியதுதான் நிற்கும். தினமும் சுழல வேண்டும், அதற்குள் பெருத்தால் முன்னதாகவும் சுழல வேண்டும் என்றால் டெய்லியோடு மேக்ஸ்சைஸ். டைமரில் ‘ஆன்காலண்டர்’ (ஓ, சி பெரிய எழுத்து) மட்டும் மாற்றினால் போதாது. ‘அக்யுரசிசெக்’ (ஏ, எஸ் பெரிய எழுத்து) ஒரு மணி நேரமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும், 1 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: ஆப்.லாக்.1.ஜிஸெட்.1.ஜிஸெட்.1.ஜிஸெட் என்று அனுமார் வால்போல ஃபைல்கள் முளைக்கின்றன!
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: கான்ஃபிக்கில் /வார்/லாக்/ஆப்/* என்று வெறும் நட்சத்திரம். சுழன்றதையே மறுபடி சுழற்றுகிறது. *.லாக் என்று கட்டுங்கள். அதோடு டேட்எக்ஸ்ட்டும் ‘எக்ஸ்டென்ஷன் .லாக்’ வரியும் சேர்ந்திருந்தால் சுழன்ற ஃபைலும் .லாக் என்றே முடிந்து மறுபடி வலையில் விழும். அப்போது ஓல்ட்டிர் போட்டு வேறு அடைவுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: ராக்கி லினக்ஸ். லாக் /எஸ்ஆர்வி/ஆப்/லாக்ஸ் அடைவில் இருக்கிறது. ரூட்டாகக் கையால் ஓட்டினால் சுழல்கிறது, டைமர் ஓட்டினால் ‘பெர்மிஷன் டினைட்’. ரூட்டுக்கே அனுமதி இல்லையா?
— ஓசூர் வாசகர்

பதில்: காரணம் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு. நீங்கள் ஓட்டும்போது கட்டுப்பாடற்ற சூழலில் ஓடுகிறது, டைமர் ஓட்டும்போது லாக்ரோட்டேட்_டி என்ற கூண்டுக்குள். அந்தக் கூண்டிலிருந்து லாக் என்று முத்திரை குத்திய ஃபைல்களைத்தான் தொட முடியும். ‘ஏயுசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசண்ட்’ போட்டால் மறுப்பு வரி தெரியும். ‘எல்எஸ் -ஸெட்’ (ஸெட் பெரிய எழுத்து) கொடுத்தால் உங்கள் அடைவு வார்_டி என்று இருக்கும், இருக்க வேண்டியது வார்_லாக்_டி.

‘செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ -டி வார்_லாக்_டி "/எஸ்ஆர்வி/ஆப்/லாக்ஸ்(/.*)?"’ என்று விதி சேர்த்து, ‘ரீஸ்டோர்கான் -ஆர்வி /எஸ்ஆர்வி/ஆப்/லாக்ஸ்’ (ஆர் பெரியது) ஓட்டுங்கள். இந்தக் கட்டளையின் ‘-டி’யும் முத்திரைப் பெயர்களின் கடைசி ‘டி’யும் ஆங்கிலத்தில் டீ கோப்பையின் டி. சிகான் கட்டளையால் மட்டும் மாற்றினால் அடுத்த முழு முத்திரையிடலில் பழையபடி ஆகிவிடும். ‘எஸ்இலினக்ஸை அணைத்துவிடு’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கன்டெய்னருக்குள் ஓடும் எஞ்சின்எக்ஸுக்குச் சிக்னல் அனுப்ப ‘டாக்கர் எக்ஸெக் -ஐடி …’ என்று எழுதியிருக்கிறேன். ‘இன்புட் டிவைஸ் இஸ் நாட் எ டிடிஒய்’.
— புதுச்சேரி வாசகர்

பதில்: -ஐடி இரண்டையும் எடுத்துவிடுங்கள், ராத்திரியில் திரைக்கு முன்னால் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. எக்ஸெக்கே வேண்டாம், ‘டாக்கர் கில் -எஸ் யுஎஸ்ஆர்1 கன்டெய்னர்-பெயர்’ போதும். எஞ்சின்எக்ஸ் லாக்கை ஃபைலில் எழுதாமல் திரை வெளியீட்டுக்கு அனுப்பினால் லாக்ரோட்டேட் தேவையே இல்லை. டாக்கரின் லாக் அமைப்பில் மேக்ஸ்-சைஸ், மேக்ஸ்-ஃபைல் இரண்டையும் வைத்துவிட்டு, கன்டெய்னரைப் புதிதாக உருவாக்குங்கள். ஏற்கெனவே இருக்கும் கன்டெய்னருக்கு அந்த மாற்றம் பொருந்தாது.

கேள்வி: கான்ஃபிக்கைத் திருத்துமுன் ஆப்.ஓல்ட் என்று ஒரு நகல் அதே அடைவில் வைத்தேன். அன்றிலிருந்து ‘டூப்ளிகேட் லாக் எண்ட்ரி’.
— ஈரோடு வாசகர்

பதில்: /ஈடிசி/லாக்ரோட்டேட்.டி அடைவில் இருக்கும் எல்லா ஃபைலையும் அது படிக்கும், ~, .எஸ்டபிள்யுபி (எடிட்டர் விட்டுச்செல்லும் மிச்சம்), .டிஸேபிள்டு போன்ற சில வால்களைத் தவிர. நகலை /ரூட் அடைவுக்கு நகர்த்துங்கள். நகர்த்தும்போதே மூல ஃபைலின் அனுமதியையும் பாருங்கள்: ரூட் உரிமை, 644. குழுவுக்கு எழுதும் உரிமை இருந்தால் அதையும் ‘இக்னோரிங்’ என்று ஒதுக்கிவிடும். லாக் இருக்கும் அடைவே குழு எழுதக்கூடியதாக இருந்தால் ‘இன்செக்யூர் பெர்மிஷன்ஸ்’ என்று தாண்டிப் போகும். அதற்கு ‘எஸ்யு’ வரியில் அந்தப் பயனரையும் குழுவையும் எழுத வேண்டும். எழுதியபின் உங்கள் போஸ்ட்ரோட்டேட் எந்தப் பயனராக ஓடுகிறது என்று ஊகிக்காமல், முதல் வரியில் ‘ஐடி >> /வார்/லாக்/சுழற்சி-சோதனை.டெக்ஸ்ட் 2>&1’ என்று ஒரு நாள் வைத்துப் பாருங்கள்.